பிறை பதினொன்றில் ஒரு நோன்பு

1

இந்தக் கதை ஒரு தட்டுக் கறியிலிருந்து பிறந்தது. அந்தக் கறியைத் தின்றவள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிக்க வேண்டாம்.

1958ஆம் வருஷம், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள். முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஆடு எங்கள் வீட்டில் கறியாகி, ஊருக்குப் பங்குவைத்தது போக மிச்சம் சட்டியில் இருந்தது. உம்மா அதில் ஈரலாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்தாள்.

"சபியா, இதை நூர் நிஷா மாமிக்குக் குடுத்துட்டு வா. சூடு ஆறுறதுக்குள்ளே போ."

எங்கள் வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. எங்கள் ஊர்ப் பெண்கள் தெருவில் கால் வைக்காமல் பத்து வீடு போய் வருவது இப்படிப்பட்ட கதவுகளால்தான். குனிந்து நுழைந்தேன். அந்தப் பக்கம் மலிகா லாத்தா நின்றுகொண்டிருந்தார். மாமியுடைய தங்கை மகள் அவர், எனக்கு அக்கா முறை. மூன்று வயதில் தாயை இழந்தவரை, பிள்ளையில்லாத மாமிதான் எடுத்து வளர்த்தார், கட்டிக்கொடுத்தார், வீட்டையும் அவர் பேருக்கே எழுதிவைத்தார்.

"என்ன புள்ளே, ஈரலா? பெரியம்மாவுக்கு இன்னிக்கு நோன்புல்ல! திங்கக்கிழமை ஆச்சே. நோன்புக்காரி மூக்குக்கு முன்னாலே ஈரலைக் காட்டுறியே, இது நன்மையிலே சேருமா பாவத்திலே சேருமா?"

நான் சிரித்தேன். லாத்தா சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். அவருக்குப் பின்னால் நடுக்கூடத்தில், அபிராமத்திலிருந்து வந்த அவருடைய மாமியார் வீட்டுப் பெண்கள் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, எல்லாரும் அதே தட்டில் கைவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியைக் காணவில்லை.

திரும்பினேன். கதவுக்கும் எங்கள் அடுப்படிக்கும் நடுவே பத்தடி இருட்டு இருக்கிறது. அங்கே நின்று ஈரலை முழுவதும் தின்றுவிட்டேன்.

"மாமி என்ன சொன்னாக?" என்று உம்மா கேட்டாள்.

"நல்லா இருக்குன்னாக."

அந்த ஒரு நாளில், மாமி வாயே திறக்காமல், மாமிக்காக இரண்டு பேர் பேசிவிட்டோம். இது எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் கதை இங்கேயே முடிந்து உங்களுக்கு நேரம் மிச்சமாகியிருக்கும்.

2

நான் எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவள். காக்கா, அதாவது என் அண்ணன், படித்து முடித்த கணக்கு நோட்டுகளில் எழுதாமல் விட்ட பக்கங்கள் நிறைய இருந்தன. அவற்றில் எழுதுகிறேன். சுருட்டிய பாய்களுக்குள் ஒளித்துவைக்கிறேன். இதுவரை ஒருவரும் படித்ததில்லை. ஆகையால் 'வாசகர்களே' என்று நான் கூப்பிடும்போது யாரைக் கூப்பிடுகிறேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் இருந்தால் சந்தோஷம்.

பெருநாள் போய் மூன்று வாரம் கழித்து, ஒரு நல்ல பெண்மணியைப் பற்றிக் கதை எழுத நினைத்தேன். நூர் நிஷா மாமியைத் தவிர வேறு யார்? இவை நான் எழுதிய தொடக்கங்கள்:

"எங்கள் தெருவில் ஒரு பெண் இருந்தார். அவரைப் பார்த்து வானத்து மலக்குகள்..." [நிறுத்திவிட்டேன். வானவர்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னது?]

"பொறுமை என்பது பெண்களுக்கு ஓர் ஆபரணமாகும். அத்தகைய..." [பள்ளிக்கூடக் கட்டுரை. வாத்தியார் அம்மாவின் மூக்குப்பொடி வாசனைகூட வருகிறது.]

"ரமலான் போனாலும் நோன்பு போகாத வீடு அது."

இந்த மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதன் கீழே இரண்டு கோடு போட்டுவைத்தேன். இன்று அதைப் பார்த்தால் காதெல்லாம் சூடாகிறது.

மாமிக்கு அறுபத்தெட்டு வயது. நோன்பு, தொழுகை பற்றிய சட்டங்களில் எங்கள் தெருப் பெண்களுக்கு அவர் சொன்னதுதான் முடிவு. அவர் பதில்களைக் கேட்பதற்கென்றே சிலர் சந்தேகங்களைத் தயார் செய்துகொண்டு வருவார்கள்.

"மாமி, எச்சில் முழுங்கினா நோன்பு முறியுமா?"

"உன் எச்சில்னா முறியாது. பக்கத்து வீட்டுக்காரி எச்சில்னா முறியும்."

"மாமி, தூக்கத்திலே பிரியாணி தின்ன மாதிரி கனாக் கண்டேன்."

"எனக்கு ஒரு சஹன் அனுப்பாம தின்னியா? அதுதான் தப்பு. நோன்பு முறியாது."

இப்படிப்பட்டவர் திங்கள் வியாழன் தவறாமல் நோன்பு இருக்கிறார், நடுவிலும் இருக்கிறார் என்றால் தெரு அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளாதா? வைத்துக்கொண்டது. "மாமி மாதிரி ஆவணும்" என்று உம்மா என்னிடம் வாரம் ஒருமுறை சொல்லுவாள். நான் எழுதிய கதையிலும் அந்தப் பெண்மணி நோன்பு நோற்று நோற்று, முகம் விளக்குப் போல ஆகி, கடைசி வரியில் புன்னகை செய்தார்.

[அந்தக் கடைசி வரியை உங்களுக்குக் காட்ட மாட்டேன். கிழித்துவிட்டேன்.]

3

கதையில் கொஞ்சம் வேடிக்கை சேர்க்கலாம் என்று ஜோதிமேரியைக் கொண்டுவந்தேன். ஜோதிமேரி தங்கச்சிமடத்துக்காரி. ரயிலும் பஸ்ஸும் மாறி, செவ்வாய்க்கிழமை தோறும் கருவாட்டுக் கூடையோடு எங்கள் கொல்லைப்புறத்துக்கு வருபவள். அவள் பேச்சை அப்படியே நோட்டில் பிடித்துவைத்திருந்தேன்.

"எங்கே தங்கச்சி, பக்கத்து வீட்டம்மா? முன்னெல்லாம் நெத்திலியை அள்ளி மோந்து பாத்துட்டு, 'ஜோதிமேரி, இது உன் கலியாணத்துக்குக் காயவெச்சதா?'ன்னு கேப்பாக. ஆளையே காணோமே."

"மாமிக்கு நோன்பு."

"போன வாரமும் நோன்புன்னே."

"இது சுன்னத்தான நோன்பு. விருப்பப்பட்டு வெக்கிறது."

"எங்களுக்கும் தபசு காலம் இருக்கு. நாப்பது நாளு. முடிஞ்ச மறுநாளு கறிச்சட்டி அடுப்பிலே ஏறிரும். உங்க மாமிக்கு மட்டும் ஈஸ்டரே வராதா?"

உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஜோதிமேரி சிரிக்கவில்லை.

"போன மாசம் கதவு இடுக்கிலே அவுக கையைப் பாத்தேன். வளையல் முழங்கை வரைக்கும் ஏறிக் கெடக்கு. சாமிக்காக மெலிஞ்சவுகளை நான் பாத்திருக்கேன். இது அந்த மெலிவு இல்லே. நான் கடக்கரையிலே பொறந்தவ. ஆடி மாசம் வலை காயுற வீட்டிலே வளந்தவ. எனக்குப் பசி தெரியும்."

"உனக்கு என்னடி தெரியும் எங்க நோன்பைப் பத்தி? நெத்திலியைப் போடு" என்றாள் உம்மா.

எங்கள் நோன்பைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் அவளுக்குத் தெரிந்தது என்று இப்போது நினைக்கிறேன். எங்களுக்கு மார்க்கம் தெரியும். ஆகையால் ஒல்லியான கையைப் பார்த்ததும் 'பக்தி' என்றோம். எங்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தவறு இது.

ஆனால் அன்று நான் குறித்துவைத்தது ஈஸ்டர் நகைச்சுவையை மட்டும்தான்.

4

ஈஸ்டர் நகைச்சுவைக்கு முன்னால் எதை வைப்பது என்று பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஈரல் பக்கம் வந்தது. வாப்பா கடிதம் எழுதும்போது மேலே பிறைக் கணக்கில் தேதி போடுவார். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. அந்தப் பக்கத்தின் தலையில் என் கையெழுத்திலேயே இருந்தது: துல்ஹஜ் பிறை பதினொன்று, திங்கள்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.* வருஷத்தில் ஐந்து நாள் நோன்பு வைக்கவே கூடாது, ஹராம். இரண்டு பெருநாள்களும், ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிவரும் மூன்று நாள்களும். அந்த மூன்றில் முதல் நாள் பிறை பதினொன்று. திங்கட்கிழமையாக இருந்தாலும் கூடாது.

(* தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்ளுங்கள். நானும் அடித்துக்கொண்டேன்.)

இதை எனக்குச் சொன்னது யார் என்று தேடினேன். அதுவும் நோட்டில் இருந்தது. முந்தின வருஷம் மாமி சொன்னது: "அந்த நாளுகள்லே நாமெல்லாம் அல்லாவோட விருந்தாளிக. விருந்துக்கு வந்துட்டு வயித்தைக் கட்டிக்கிட்டு உக்காந்தா, கூப்பிட்டவனுக்குத்தானே அவமானம்?"

ஆக, என் கதாநாயகி ஒரு பக்கத்தில் நோன்பு கூடாது என்கிறார், மறு பக்கத்தில் அதே நாளில் நோன்பு இருக்கிறார். எழுதுகிறவளுக்கு இது பெரிய சங்கடம். முதலில் என் பாத்திரப் படைப்பில்தான் குறை என்று நினைத்தேன். மாமிக்குச் சட்டம் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாமா? யாரும் நம்ப மாட்டார்கள். மறந்துவிட்டார் என்று எழுதலாமா? போன வெள்ளிக்கிழமைகூட, உம்மா ஓதியதில் ஒரு வரி விட்டுப்போனதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னவர் அவர். அப்படியென்றால்...

[இந்த வாக்கியத்தை ஒரு முழு நாள் இப்படியே விட்டுவைத்திருந்தேன்.]

மறுநாள் நோட்டு முழுவதையும் எடுத்துப் பார்த்தேன். 'மாமிக்கு நோன்பு' என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் யார் சொன்னது என்று பார்த்தேன். எல்லா இடத்திலும் மலிகா லாத்தா. ஜோதிமேரியிடம் நான் சொன்னதுகூட லாத்தா சொல்லிக் கேட்டதுதான். கதவருகே, கிணற்றடியில், கூடத்தில், எல்லா இடத்திலும் லாத்தாதான் சொல்கிறார், நாங்கள் சிரிக்கிறோம். மாமி தன் வாயால் சொன்னதாக ஒரே ஒரு இடம் இருந்தது. அது இது:

ஒரு காலை மாமி கதவருகே வந்து, "புள்ளே, மணி என்ன?" என்றார். "பதினொண்ணு மாமி." "இன்னும் ஒண்ணும் வரலே. சரி, நிய்யத்து வெச்சிர வேண்டியதுதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பக்க ஓரத்தில் நான் 'வேடிக்கை' என்று எழுதியிருந்தேன்.

விருப்பத்துக்கு வைக்கும் நோன்புக்கு ஒரு சலுகை உண்டு. விடிந்ததிலிருந்து எதுவும் வாயில் போடாமல் இருந்தால், உச்சிப்பொழுதுக்கு முன்பு 'இன்று நோன்பு' என்று மனதில் நிய்யத்து வைத்தாலும் போதும், அது நோன்பாகிவிடும். மாமிக்கு இது தெரியும். காலையில் சாப்பாடு வருமா என்று பார்ப்பார். பதினொரு மணி வரை பார்ப்பார். வராவிட்டால் நிய்யத்து. அதற்குப் பிறகு அதற்குப் பேர் பசி இல்லை.

நோட்டை மூடிவிட்டேன். கதை நின்றுபோனது.

5

இப்போது மலிகா லாத்தாவை எழுத வேண்டும். இங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை.

"மலிகா ஒரு அரக்கி." [அடித்துவிட்டேன்.]

"மலிகாவின் சிரிப்புக்குப் பின்னால் ஒரு விஷம்..." [பொய். சிரிப்புக்குப் பின்னாலும் சிரிப்புத்தான் இருந்தது.]

லாத்தா வாரம் தவறாமல் மாமிக்குத் தலை வாரிவிடுவார். ஒரு நாளும் அவரிடம் சத்தம் போட்டுப் பேசியதில்லை. எனக்குப் பழைய வாரப் பத்திரிகைகளைப் படிக்கக் கொடுப்பவரும் அவர்தான். அவருடைய மாப்பிள்ளை சதக்கத்துல்லா மச்சான் கொழும்பில் இருக்கிறார், வருகிறேன் என்று எழுதுகிறார், வருவதில்லை. மூன்று பிள்ளைகள், மூன்றும் வால். சாமான் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பார். சீனியைப் பிள்ளைகள் அள்ளிவிடுகிறார்களாம்.

ஒருமுறை என்னிடம், "வயசானவுகளுக்கு வயிறு தாங்காது புள்ளே. ரெண்டு நாளு நல்லாத் தின்னா மூணு நாளு நான்தான் அள்ளிக் கொட்டணும். நோன்பு இருந்தா அவுகளுக்கும் நன்மை, எனக்கும் நன்மை" என்றார். அதைச் சொன்ன விதத்தில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அதே வாக்கியத்தை எழுதிவைத்துப் பார்க்கிறேன். தாளில் சிரிப்பு ஒட்டவில்லை.

எப்படித் தொடங்கியிருக்கும் என்று யோசித்தேன். (இது என் கற்பனை. நான் பார்க்கவில்லை.) ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல், லாத்தாவுக்கு அடுப்பு மூட்ட நேரமாகியிருக்கும். மாமியே, "எனக்கு இன்னிக்கு நோன்பும்மா, நீ அலையாதே" என்றிருப்பார். அடுத்த வாரம் லாத்தா தானாகவே, "பெரியம்மாவுக்கு இன்னிக்கு நோன்பு" என்று சொல்லியிருப்பார். மாமி மறுத்திருக்க மாட்டார். வளர்த்த பிள்ளையைப் பொய்க்காரி ஆக்குவாரா?

விருந்தாளிகள் வந்த நாளில் மாமி உள்ளறையில் இருந்தால் சஹனில் ஓர் இடம் மிச்சம். அன்று பிறை என்ன என்று லாத்தா பார்க்கவில்லை. வாய்ப் பழக்கம்.

லாத்தாவை எனக்கு இன்னும் பிடிக்கிறது. இது கதைக்கு நல்லதா கெட்டதா தெரியவில்லை. பிடித்தவர்கள் செய்தால் கண்ணில் படாது என்பது மட்டும் தெரிகிறது.

6

கதைக்கு ஒரு முடிவு வேண்டுமே. முதல் முடிவை இப்படி எழுதினேன்:

நோன்பாளி நோன்பு திறக்க உணவு கொடுத்தால், கொடுத்தவருக்கும் அதே நன்மை உண்டு. ஆகவே நோன்புக்கார மாமிக்குத் தெருவே உணவு கொண்டுவருகிறது. பாத்திரங்களின் அணிவகுப்பைப் பார்த்த மலிகா கண்ணீர் விட்டு மாமியின் காலில்...

மூன்று நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. எவ்வளவு சாமர்த்தியமான முடிவு! ஒருவருக்கும் தலைகுனிவு இல்லை, மாமிக்கும் வயிறு நிறைகிறது. அவ்வளவு பிடித்துப்போனதால், அதை நிஜமாகவே செய்துபார்த்தேன்.

உம்மாவிடம் அந்த நன்மையைப் பற்றி மட்டும் சொன்னேன். உம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள். எங்கள் தெருப் பெண்கள் நன்மை விஷயத்தில் பின்தங்க விரும்பாதவர்கள். அடுத்த திங்கட்கிழமை, நோன்பு திறக்கும் மஃரிபு நேரத்துக்கு முன்பே சின்னக் கதவில் நெரிசல். நோன்புக் கஞ்சி, பருப்பு வடை, பேரீச்சம்பழம், சிவப்புச் சாயம் போட்ட இனிப்புக் கடல்பாசி.

"அடி, என் வடைதான் முதல்லே வந்துச்சு."

"வந்தா என்ன, கல்லு மாதிரி இருக்கு. மாமிக்குப் பல்லு ரெண்டுதான் பாக்கி."

மலிகா லாத்தா எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அல்லா உங்களுக்கு பரக்கத்து செய்யட்டும். பெரியம்மா உள்ளே ஓதிக்கிட்டு இருக்காக, குடுத்திர்றேன்." பாத்திரங்கள் அரை மணியில் கழுவித் திரும்பி வந்தன, பளபளவென்று.

மறுநாள் காலை லாத்தாவின் மூன்று பிள்ளைகளும் சிவந்த உதட்டோடு கிணற்றடியில் நின்றார்கள். நான் மெல்ல மாமியிடம் போய், "கடல்பாசி நல்லா இருந்துச்சா மாமி?" என்றேன்.

"எந்தக் கடல்பாசி?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உடனே, "ஆமா ஆமா, நேத்து. நல்லா இருந்துச்சு புள்ளே. ரொம்ப இனிப்பு" என்றார்.

கதையில் பலித்தது கதவருகே பலிக்கவில்லை. என் கதையில் உணவைக் கையில் வாங்குகிறவர் மாமி. நிஜத்தில் வாங்குகிறவர் வேறு. இந்தச் சின்ன வித்தியாசத்தை நான் எழுதும்போது கவனிக்கவில்லை.

7

இரண்டாவது முடிவை எழுதியவள் நான் இல்லை.

ஒரு புதன்கிழமை, லாத்தா பிள்ளைகளோடு அபிராமத்துக்கு முதல் பஸ்ஸில் புறப்பட்டார். போகும்போது கதவிடுக்கில் தலையை நீட்டி, "பெரியம்மாவுக்கு நோன்பு. யாரும் போயித் தொந்தரவு பண்ணாதீக. சாயங்காலம் வந்துர்றேன்" என்றார். சாமான் அறைச் சாவி அவர் இடுப்பில் போனது.

பதினொரு மணிவாக்கில் நோட்டை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டினேன். யாருக்கும் எதையும் படித்துக் காட்டியவள் இல்லை நான். விருந்தாளி வந்தால் பாய்க்குப் பின்னால் போய் நிற்பவள். மாமி கிணற்றடி நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன புள்ளே, கையிலே?"

"கதை, மாமி. எழுதியிருக்கேன்."

"நீயா? உனக்குப் பேச வராதுன்னுல்ல நினைச்சேன். யாரைப் பத்தி?"

"ஒரு பொம்பளையைப் பத்தி. நிறைய நோன்பு வெக்கிறவுக."

"பேரு?"

"இன்னும் வெக்கலே."

மாமி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "படி" என்றார்.

நல்ல பெண்மணியின் கதையைத்தான் படித்தேன், பழைய கதையை. ஆனால் அதில் ஈரல் பக்கத்தைச் சேர்த்திருந்தேன், தேதியோடு. அந்த இடம் வந்தபோது எழுத்துகள் என் கண்முன் நீச்சலடித்தன.

"நிறுத்து. பிறை என்னன்னே?"

"பதினொண்ணு."

"எந்த மாசம்?"

"துல்ஹஜ்."

"ஏன் புள்ளே, உன் கதையிலே வர்றவ கூறு கெட்டவளா? அன்னிக்கு நோன்பு ஹராமாச்சே!"

"அவுகளுக்குத் தெரியும் மாமி. தெருவே அவுககிட்டேதான் கேக்கும்."

"தெரிஞ்சவ ஏன் வெக்கிறா?"

"அதான் எனக்கும் ஓடலே. தெரியாதவுகன்னு மாத்திரட்டுமா? இல்லாட்டி, வயசாயிருச்சு, மறந்துட்டாகன்னு..."

"யாருக்கு மறதி?" மாமியின் குரல் கிணற்றுக்குள் போய்த் திரும்பி வந்தது. "முப்பது வருஷமா ஒரு பிறை தப்பினது இல்லே. மறதியாமே, மறதி!"

"அப்ப என்னன்னு எழுதட்டும் மாமி?"

மாமி முழங்கையிலிருந்து வளையலைக் கீழே தள்ளினார். அது சறுக்கிக்கொண்டு மணிக்கட்டுக்கு வந்து நின்றது. திரும்பவும் மேலே தள்ளினார்.

"அவளுக்குப் புள்ளை உண்டா, கதையிலே?"

"எடுத்து வளத்த புள்ளை ஒண்ணு."

"நல்ல புள்ளையாத்தான் எழுதியிருக்கியா?"

"ஆமா மாமி. எல்லாரையும் சிரிக்க வெப்பாக."

"அது போதும்" என்றார் மாமி. பிறகு, "வெளியே தெரிஞ்சா புள்ளையை ஏச மாட்டாக புள்ளே. 'வளத்தவளுக்கு வளக்கத் தெரியலே'ம்பாக. அந்தப் பொம்பளை அதுக்குத்தான் பயந்து கெடப்பா. வயித்துக்கு இல்லே" என்றார்.

[இங்கே நான் எழுதாமல் விட்டது நிறைய. மாமியின் முன்னால் இரண்டு வெட்கங்கள் இருந்தன. வளர்த்த பிள்ளை சோறு போடவில்லை என்பது ஒன்று. நூர் நிஷாவுக்குப் பிறை தெரியவில்லை என்பது ஒன்று. இரண்டில் ஒன்றை அவர் கதைக்குக் கொடுத்தாக வேண்டும். வேண்டுமென்றே நான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேனா? ஆமாம். அதற்காக அல்லா என்னை மன்னிக்கட்டும்.]

"நோன்பை அடிச்சிரு" என்றார் மாமி.

"அடிச்சிட்டு?"

"பசின்னு எழுது."

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எழுது புள்ளே, மை காஞ்சிறப் போவுது! அவளை மூளை கெட்டவளா மட்டும் எழுதிராதே. எழுதிட்டியா? மணி என்ன?"

"பதினொண்ணரை."

"நான் இன்னும் நிய்யத்து வெக்கலே" என்றார். சுவரைப் பிடித்து எழுந்தார். என் கையைத் தட்டிவிட்டுத் தானே நடந்து, சின்னக் கதவில் குனிந்து, எங்கள் அடுப்படிக்குள் போய் நின்றார். உம்மா மீன் ஆணம் கொதிக்கிற சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"ஜொகரா, எனக்குப் பசிக்குது. சோறு போடு."

"மாமி! உங்களுக்கு நோன்புல்ல?"

"நோன்புன்னு நான் சொன்னேனா?"

உம்மா அகப்பையோடு அப்படியே நின்றாள். எத்தனை திங்கள், எத்தனை வியாழன் என்று அவள் முகத்தில் ஓடியதைப் பார்த்தேன். ஆணம் அகப்பையிலிருந்து தரையில் சொட்டியது.

"நான் உங்ககிட்டே ஒரு நாளும் கேக்கலையே மாமி" என்றாள் கடைசியில்.

"இப்பக் கேட்டுட்டேல்ல. போடு."

மாமி இரண்டு தடவை சோறு வாங்கினார். நடுவில், "உப்பு கம்மி" என்றார். உம்மா அழுதுகொண்டே உப்பை நகர்த்திவைத்தாள். மாமி அவளைப் பார்த்து, "அழுதா உப்பு சரியாயிரும்னு பாக்குறியா?" என்றார். அதற்குமேல் உம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

8

சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகு லாத்தா வந்தார். தன் வீட்டில் மாமியைக் காணாமல் கதவில் தலையை நீட்டினார். மாமி எங்கள் அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நோன்புக்காரர் வெற்றிலை மெல்ல முடியாது.

"மலிகா, இன்னிக்கு நோன்பு இல்லே. நாளைக்கும் இல்லே. வெக்கிறதா இருந்தா நானே சொல்லுறேன், என் வாயாலே" என்றார் மாமி. கோபமாகச் சொல்லவில்லை. சட்டம் சொல்லும் குரலில் சொன்னார்.

உம்மா, "உன்னாலே முடியலேன்னா இந்தக் கதவை ஒரு தட்டுத் தட்டியிருக்கலாமேடி" என்றாள்.

லாத்தாவின் முகத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்:

லாத்தா அங்கேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

லாத்தா, "ஊரெல்லாம் சேந்துக்கிட்டீகளா?" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

லாத்தா எப்போதும்போல ஏதோ வேடிக்கை சொன்னார். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

இந்த மூன்றில் ஒன்று நடந்தது. எது என்று சொல்ல மாட்டேன். லாத்தா பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார், அவருக்கும் படிக்கத் தெரியும். கதையில் அவர் எப்படி முடியப்போகிறார் என்று எனக்கும் தெரியாது.

மறுநாள் மாமியிடம் போய், "மாமி, கதையை முடிச்சிரட்டுமா? 'அன்று முதல் மாமி வயிறார உண்டார்'னு?" என்று கேட்டேன்.

"அன்று முதல்னு உனக்கு எப்படித் தெரியும்? நாளைக்குக் காலையிலே என்ன நடக்கும்னு எனக்கே தெரியாது. முடிவு வேணும்னா நாளைக்கு வந்து கேட்டுக்க. நாளைக்கழிச்சும் வா."

ஆகவே இந்தக் கதைக்கு ஒரு முடிவு கிடையாது. தினம் காலை ஒரு முடிவு. ஒன்பது மணிக்குப் போகிறேன், கேட்கிறேன், வந்து எழுதுகிறேன். போன சனிக்கிழமை முடிவு நன்றாக இல்லை. அன்று உம்மா கஞ்சிச் சட்டியோடு அந்தப் பக்கம் போய், மாமி குடித்து முடிக்கும் வரை லாத்தாவோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நேற்று பரவாயில்லை. இன்று இரண்டு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். மூன்றாவதை மாமி கேட்டு வாங்கியிருக்கிறார், லாத்தாவிடமே.

நாளை எனக்குக் காய்ச்சல் வரலாம். உம்மாவுக்கு வேலை இருக்கலாம். அப்போது நீங்கள்தான் போக வேண்டும். கதவு தாழ்வானது, குனிந்து நுழையுங்கள். "மாமி, சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். முதலில் மலிகா லாத்தாதான் பதில் சொல்லுவார், அதுவும் வேடிக்கையாகச் சொல்லுவார். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. சிரித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மாமி வாயைத் திறக்கும் வரை அங்கேயே நில்லுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ, அதை எழுதிக்கொள்ளுங்கள்.